ஹார்டு டிஸ்க் இல்லாத சர்வர் பூட் ஆகவில்லையா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் வரும். நாம் பார்த்துப் பழகியது இதுதான். ஆனால் ஹார்டு டிஸ்க்கே இல்லாத சர்வர்களும் உண்டு. ஒரே சர்வருக்குள் பல கம்ப்யூட்டர்களை இயக்கும் ஹைப்பர்-வி, விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ போன்ற சாஃப்ட்வேர்களை நெட்வொர்க் கேபிள் வழியே வேறொரு ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்தும் பூட் செய்யலாம். 2004-ல் தரப்படுத்தப்பட்ட ஐஸ்கஸி என்னும் முறை இதற்கு உதவுகிறது. டிஸ்க்கிற்கான கட்டளைகள் சாதாரண நெட்வொர்க் பாக்கெட்டுகளில் ஏறிச் செல்கின்றன.

இப்படிப்பட்ட சர்வர் பாதியில் நின்றால் பலரும் உடனே ரீஇன்ஸ்டால் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட்டால் நல்ல நிலையில் உள்ள டேட்டாவும் போய்விடும். முதலில் எந்த இடத்தில் நின்றது என்று திரையைப் பாருங்கள்.

ஐபி முகவரியே கிடைக்கவில்லையா? கேபிளையும் ஸ்விட்ச்சையும் சோதியுங்கள். முகவரி கிடைத்தும் பெட்டி தெரியவில்லை என்றால் 3260 என்ற போர்ட் ஃபயர்வாலில் அடைபட்டிருக்கலாம். 'பிங்' பதில் தருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். போர்ட் திறந்திருப்பதற்கு அது சாட்சி அல்ல. பெட்டி தெரிந்தும் லாகின் ஆகவில்லை என்றால் ஐக்யூஎன் எனப்படும் நீளமான பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் பெட்டி கதவைத் திறக்காது.

குழப்பமான இடம் அடுத்ததுதான். விண்டோஸ் லோகோ வரும். பிறகு 0x7பி என்ற எண்ணுடன் நீலத் திரை வரும். டிஸ்க் கெட்டுவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பெட்டியுடன் முதலில் பேசுவது நெட்வொர்க் கார்டில் உள்ள சிறு புரோகிராம். அது தொடர்பு விவரங்களை ஐபிஎஃப்டி என்ற அட்டவணையாக மெமரியில் எழுதி வைக்கும். விண்டோஸ் அதைப் படித்து, தன் சொந்த டிரைவர் மூலம் மறுபடி லாகின் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் நெட்வொர்க் டிரைவர் தயாராக இல்லையென்றால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாது. அண்மையில் டிரைவரையோ கார்டையோ மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மாற்றியிருந்தால் பழையதையே திரும்பப் பொருத்திப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இந்த டிரைவரில் கை வைப்பது, உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவது போல!

இன்னொன்று. ஒரு சர்வர் ஓடவில்லை என்று அதே பூட் டிஸ்க்கை இன்னொரு சர்வருக்கும் கொடுத்து ஆன் செய்யாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். பழைய சர்வரை முழுவதும் ஆஃப் செய்து, பெட்டியின் அனுமதிப் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிய பிறகே புதியதைச் சேருங்கள்.