பெட்டியில் போட்ட விலையும் பிறகு கட்டும் விலையும்



பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் நம் பிள்ளைகள் இப்போது கேட்பது பேசும் ரோபோ, தொட்டால் ஓதிக்காட்டும் பேனா, ஆப்புடன் இணைந்து பாடம் நடத்தும் பொம்மை. வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. முழு விலை என்ன என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பெட்டியில் அச்சிட்டுள்ள எம்.ஆர்.பி. எல்லா வரிகளும் சேர்ந்தது; அதற்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும். ஆப்பின் மாதச் சந்தா, கூடுதல் பாடங்கள் ஆகியவை அதில் சேராது. உதாரணத்திற்கு, 2,499 ரூபாய் பொம்மைக்கு மாதம் 199 ரூபாய் சந்தா என்றால், இரண்டு வருடத்தில் சந்தா மட்டும் 4,776 ரூபாய். மொத்தம் 7,275 ரூபாய். அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஆவடியிலோ மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் தந்தைக்கு இது சின்னத் தொகை அல்ல.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடியைக் கண்டித்தார்கள். சந்தாவை ஆப்புக்குள் மறைத்து வைப்பதும் ஈர தானியத்தை அடியில் வைப்பதும் ஒன்றுதான். பூந்தமல்லியில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதைத் தடுக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், ஆன்லைன் விற்பனையில் 13 வகை ஏமாற்று முறைகளைத் தடை செய்தன. விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுவதும், சந்தாவை எளிதில் ரத்து செய்ய விடாமல் சிக்க வைப்பதும் அவற்றில் அடங்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் சுமார் 800 டாலருக்கு விற்ற ‘மாக்ஸி’ என்ற குழந்தைகள் ரோபோ, கம்பெனியின் சர்வரை நம்பியே பேசியது. 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி மூடப்படுவதாக அறிவித்தது. சர்வர் நின்றால் ரோபோவும் ஊமையாகிவிடும் என்று கேட்டு, அதனுடன் பழகியிருந்த பிள்ளைகளின் பெற்றோர் தவித்தார்கள்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்:

1. இணையமும் ஆப்பும் இல்லாமல் இது என்னென்ன செய்யும்?
2. இலவச நாட்கள் முடிந்தபின் மாதம் எவ்வளவு?
3. ஆரம்பத்திலேயே கார்டு அல்லது யுபிஐ ஆட்டோபே கேட்குமா?
4. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பிள்ளை கையில் கொடுக்கும் போனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் அமைத்துவிடுங்கள். சந்தா பணம் தானாக எடுக்கப்படும் முன், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேண்டாத சந்தாவை உங்கள் யுபிஐ ஆப்பிலேயே ரத்து செய்யலாம். ஆப்பைப் போனிலிருந்து நீக்குவதால் மட்டும் சந்தா நிற்காது.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், இரண்டு வருடத்துக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

பிள்ளைகளின் மகிழ்ச்சிக்குச் செலவிடுவது நன்மையே. அந்தச் செலவு நமக்குத் தெரிந்தே போகட்டும். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

– செயலாளர்