மடை மாற்றிய ஈஸ்ட்

நைனார்பாளையத்தைச் சூழ்ந்த கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கரும்பும் மரவள்ளியும் மண் தரும் செல்வங்கள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. சர்க்கரையை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்த்துப் புளிக்கவைத்தால் எரிசாராயம் கிடைக்கின்றது. அதனைப் பெட்ரோலில் கலக்கும் அளவு நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு 20 விழுக்காட்டை எட்டியது.

ஈஸ்ட் இதனை எவ்வாறு செய்கின்றது? ஏரிநீர் மடைவழி இறங்கி, வாய்க்கால்களில் பிரிந்து, வயல்தோறும் பாய்வதை நாம் அறிவோம். உயிரணுவினுள்ளும் அத்தகைய வாய்க்கால்கள் உண்டு. குளுக்கோஸ் 12 படிகளைக் கடந்து சாராயமாகின்றது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகின்றது. அந்நொதியை ஆக்கும் குறிப்பு மரபணுவில் அடங்கியுள்ளது. புதிய மரபணுவைச் சேர்த்தால் புதிய வாய்க்கால் வெட்டலாம். உள்ள மரபணுவை அடக்கினால் பழைய மடையைச் சுருக்கலாம். இதுவே வளர்சிதைமாற்றப் பொறியியல்.

மலேரியாவுக்கு மருந்தாகும் ஆர்ட்டிமிசினின், நம் மரிக்கொழுந்தின் இனத்ததான ஒரு செடியில் உண்டாவது. 2006ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழுவினர் அச்செடியின் மரபணுக்களை ஈஸ்டில் புகுத்தி, அம்மருந்தின் மூலப்பொருளான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தைப் பெற்றனர். ஆனால் அதற்கு வேண்டிய இடைப்பொருளிலிருந்தே ஈஸ்ட் தன் உறைக்கான எர்கோஸ்டிராலையும் ஆக்குகின்றது. அந்த மடையை முற்றும் அடைத்தால் ஈஸ்ட் மடியும். ஆகவே அவர்கள் அதனை அடைக்கவில்லை; சுருக்கினர். 2013ஆம் ஆண்டுக்குள் விளைவு லிட்டருக்கு 25 கிராமாக உயர்ந்தது.

எரிபொருளுக்கும் இம்முறை உதவுமா? இன்று மக்காச்சோளமும் அரிசியுங்கூட எரிசாராயமாகின்றன. அவை உண்ணும் பொருள்கள். கரும்புச் சக்கையோ உணவன்று. ஆயினும் சக்கையைச் சிதைத்தால் வரும் சைலோஸ் என்னும் சர்க்கரையை, சாராயம் காய்ச்ச உதவும் ஈஸ்ட் இயல்பாகப் புளிக்கவைக்காது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்சி ஹோ வேற்று மரபணுக்களைச் சேர்த்து, 1990களில் அத்திறனை ஈஸ்டுக்கு ஊட்டினார். ஆனால் சக்கையைச் சிதைக்கும் செலவு மிகுதி. மேலும், ஆலைக் கொதிகலன்களுக்கு அச்சக்கையே விறகு.

மாணவ நேயர்களே, மடையை மாற்றலாமேயன்றி, ஏரியின் நீரைப் பெருக்க இயலாது. 100 கிராம் குளுக்கோஸ் 51 கிராம் சாராயத்துக்குமேல் ஒருபோதும் தராது. எந்தச் சர்க்கரையை உணவுக்கும், எதனை மருந்துக்கும், எதனை எரிபொருளுக்கும் விடுவது என்பதை நுண்ணுயிர் முடிவு செய்யாது, அம்முடிவு நம்முடையது.