14-ஆம் நாள் கோடு

கருவை ஆய்வுக்கூடத்தில் எத்தனை நாள் வளர்க்கலாம்? விடை இருந்தது. இப்போது கேள்வி திரும்பி வந்திருக்கிறது.

டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்பவரின் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் இருக்கும். உடலில் ஏறிய கதிர்வீச்சுக்கு அதுதான் கணக்குப்பிள்ளை. எவ்வளவு ஏறலாம் என்று வரம்பு கட்டுவது பக்கத்திலேயே, மும்பை அணுசக்தி நகரில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது. 5 ஆண்டுகளில் மொத்தம் 100. ஒரு பெண் பணியாளர் தான் கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் கணக்கே மாறிவிடும். வயிற்றில் இருக்கும் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்தான்.

வாயில்லாத உயிருக்காக மற்றவர்கள் போட்ட கோடு அது. தாயின் வயிற்றுக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் இருக்கும் கருவுக்கும் இப்படி ஒரு கோடு உண்டு: 14 நாள்.

அந்தக் கருக்கள் மும்பைக்குப் புதிதல்ல. 1986 ஆகஸ்ட் 6 அன்று பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியில், டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் விஞ்ஞானி டி.சி. ஆனந்த்குமாரும் கைகோத்த முயற்சியில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. குழந்தைக்காக உருவாக்கும் கருக்கள் எல்லாமே கருப்பையைச் சேர்வதில்லை. மிஞ்சியதை ஆராயலாமா, எதுவரை?

1984-இல் பிரிட்டனில் தத்துவ அறிஞர் மேரி வார்னாக் தலைமையிலான கமிட்டி பதில் சொன்னது. ஏறக்குறைய 15-ஆம் நாளில் கருவில் மெல்லிய கீற்று ஒன்று தோன்றுகிறது. தலை எது, கால் எது என்பது அதில்தான் தெளிவாகிறது. அதற்குமுன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகவும் ஆகலாம். நரம்பு கிடையாது, வலியும் கிடையாது. ஆகவே 14 நாளோடு நிறுத்துங்கள் என்றது கமிட்டி. 1990-இல் அது பிரிட்டனில் சட்டமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறையும் 14 நாளைத் தாண்டக்கூடாது என்கிறது. கீற்று அதற்குமுன் தோன்றினால் அப்போதே நிறுத்த வேண்டும்.

பல காலம் இந்த விதியால் யாருக்கும் நஷ்டமில்லை. அத்தனை நாள் கருவை வெளியே வளர்க்கவே தெரியாது. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் விஞ்ஞானிகள் 12, 13 நாள் வரை வளர்த்துவிட்டு, விதிக்குக் கட்டுப்பட்டு நிறுத்தினார்கள். 2021-இல் சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிக் கழகம் 14 நாள் தடையைத் தளர்த்தியது. 2024-இல் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பே 28 நாள் வரை அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

காரணம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. இதயம் துடிக்கத் தொடங்குவதும், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிக்கொள்வதும் அந்த இரண்டு வாரத்தில்தான். குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டுக் குறையோடு பிறக்கிறது. பல கருச்சிதைவுகளின் விடையும் அங்கே ஒளிந்திருக்கலாம்.

ஆனாலும் அணுசக்தி நகரின் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பணியாளருக்கான வரம்பு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 50 மில்லிசீவர்ட். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களின் புற்றுநோய்க் கணக்கு எதிர்பார்த்ததைவிட மோசம் என்று தெரிந்தபின் அது குறைந்தது. அங்கே ஆபத்து பற்றிய அறிவு கூடியது, வரம்பு இறுகியது. இங்கே கைத்திறமை கூடியிருக்கிறது, வரம்பு நெகிழ்கிறது.

இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மை. பணியாளரின் வயிற்றில் இருப்பது பிறக்கப்போகும் குழந்தை. கண்ணாடித் தட்டில் இருக்கும் கரு பிறக்கப்போவதில்லை. ஆனால் 28-ஐயும் எட்டிப் பிடித்த பிறகு, அடுத்து என்ன? எட்டிவிட்டோம் என்பதற்காக மட்டும் கோட்டை நகர்த்தினால் அது கோடே அல்ல.

இந்தியாவில் இது தம்பதிகளின் கையெழுத்தில் வந்து நிற்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறைநிலையில் கருவை 10 ஆண்டுவரை வைத்திருக்கலாம். பிறகு அழியவிட வேண்டும். அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குத் தரலாம். இன்று சம்மதிப்பவர் மனதில் இருப்பது 14 நாள். நாளை அது 28 ஆனால், பழைய கையெழுத்து செல்லுமா? நாளைக் கூட்டுவதற்கு முன்னால் அவர்களை இன்னொரு முறை கேட்பதுதான் முறை.