நாற்பது வயது நெஞ்சு வலிக்குத் தொட்டிலிலேயே விதை!

"சின்ன வயதில் கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்த உடம்பு இது. எனக்கு எப்படி ஐயா மாரடைப்பு வரும்?"

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்து, பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலருடைய எண்ணம் இதுதான். மாரடைப்பு என்பது நெய்யும் கறியுமாகத் தின்று வளர்ந்த பணக்காரர்களின் நோய். ஏழை வீட்டுப் பிள்ளையை அது நெருங்காது என்று நினைக்கிறார்கள்.

ஆனால், டாக்டர்கள் கண்டறிந்திருப்பது இதற்கு நேர் மாறானது. தாயின் வயிற்றிலும், பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய ஊட்டம் கிடைக்காத குழந்தைக்குத்தான், பெரியவனான பிறகு இதய நோய் வரும் ஆபத்து கூடுதல்!

மைசூர் ஆஸ்பத்திரிப் பதிவேடு

இதற்கான சான்று வெகு தொலைவில் இல்லை. பக்கத்தில், மைசூரிலேயே கிடைத்தது.

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு ஆஸ்பத்திரியில் 1934-ம் ஆண்டு முதல், பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு, 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்கே பிறந்த 517 பேரைத் தேடிப் பிடித்து, டாக்டர்கள் அவர்களுடைய இதயத்தைச் சோதித்தார்கள். முடிவு 1996-ல் வெளியானது.

எடை குறைவாகப் பிறந்தவர்களிடையே இதய நோய் அதிகமாக இருந்தது. கர்ப்ப காலத்தில் தாயாரும் எடை குறைந்தவராக இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு நோய் இன்னும் அதிகம்!

இதற்கு முன்பே, 1989-ல் இங்கிலாந்தில் டாக்டர் டேவிட் பார்க்கரும் அவரது குழுவினரும், 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பழைய குறிப்புகளை ஆராய்ந்திருந்தார்கள். ஒரு வயதில் எடை மிகக் குறைவாக இருந்தவர்களே பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகம் இறந்திருந்தார்கள்.

வயிற்றில் நடப்பது என்ன?

வருமானம் குறைந்தால் குடும்பத் தலைவன் என்ன செய்கிறான்? அரிசிக்கும் வாடகைக்கும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மற்றச் செலவுகளைச் சுருக்குகிறான். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவும் அப்படித்தான். ஊட்டம் குறைந்தால், இருப்பதை முதலில் மூளைக்கு அனுப்பிவிடுகிறது. சிறுநீரகம், கணையம், கல்லீரல், தசை ஆகியவற்றுக்குப் பங்கு குறைந்துபோகிறது.

இந்தக் குறையைப் பிறகு முழுவதும் ஈடு செய்ய முடிவதில்லை. உதாரணமாக, சிறுநீரகத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நுண்ணிய வடிகட்டிகள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. அதன் பிறகு ஒன்றுகூடப் புதிதாக உண்டாவதில்லை. வடிகட்டிகள் குறைவாக இருந்தால், பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறுகிறது. ரத்த அழுத்தம் இதயத்தைத் தாக்குகிறது.

மெலிந்த குழந்தை, தொப்பை அப்பா

சரி, இளைத்த குழந்தையைப் பிறகு கொழுக்கவைத்தால் தீர்ந்துவிடுமா? அங்கேதான் இரண்டாவது ஆபத்து இருக்கிறது.

டெல்லியில் பிறந்தது முதல் கவனிக்கப்பட்டு வந்த 1,492 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்தது. இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதற்குப் பிறகு மளமளவென்று சதை போட்ட பிள்ளைகளுக்கே, முப்பது வயது வாக்கில் சர்க்கரை நோயும் அதன் ஆரம்ப அறிகுறியும் அதிகம் வந்திருந்தன. சர்க்கரை நோய் மாரடைப்புக்கு வழி காட்டும் நோய் என்பது தெரிந்ததே.

நம்மவர்கள் கதையும் இதுதானே? கிராமத்தில் அரை வயிற்றுக் கஞ்சி. பட்டணத்துக்கு வந்ததும் உட்கார்ந்த வேலை, பேக்கரி பன், நாளைக்கு ஐந்து டீ, கூடவே பீடி. பற்றாக்குறையில் வளர்ந்த உடம்பு இந்தத் திடீர் வளத்தைத் தாங்குவதில்லை.

வசதியாக வளர்ந்தவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கொரியா போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை ராணுவ டாக்டர்கள் அறுத்துப் பார்த்து, 1953-ல் அறிக்கை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு இதய ரத்தக் குழாய்களில் அப்போதே நோயின் அடையாளம் இருந்தது!

என்ன செய்ய வேண்டும்?

முதல் கவனிப்பு கர்ப்பிணிக்கு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சியதைத் தின்னும் வழக்கம் அவர் விஷயத்தில் கூடாது. "நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வயிற்றைக் காயப்போடக் கூடாது. பருப்பு, கீரை, முட்டை, பால், நிலக்கடலை இவையே போதும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியவர்கள் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று போனில் கேளுங்கள்.

குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு குழைந்த பருப்புச் சாதம், ராகிக் கஞ்சி, மசித்த கீரை, வாழைப்பழம், முட்டை கொடுக்கலாம். தாய்ப்பாலும் தொடர வேண்டும். ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரையும் சேர்க்காமல் பழக்குங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை இளைத்திருக்கிறதே என்று சிப்ஸும் கிரீம் பன்னும் வாங்கித் தருவது பாசம் ஆகாது. அந்தக் காசுக்குச் சுண்டலோ, கடலை உருண்டையோ, அவித்த முட்டையோ வாங்கலாம். ராகி மலிந்த கர்நாடகத்தில் இருந்துகொண்டு, அதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குவது அறியாமை.

குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கெல்லாம் மாரடைப்பு வந்தே தீரும் என்பதல்ல. மற்றவர்களைவிட அவர்கள் அதிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பது வயதைத் தாண்டியதும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள். இடுப்பு பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் பிறந்தபோது நம் தாயார் வயிறாரச் சாப்பிட்டாரா என்பது நம் கையில் இருக்கவில்லை. நம் பிள்ளை பிறக்கும்போது அதன் தாய் வயிறாரச் சாப்பிடுகிறாளா என்பது நம் கையில்தான் இருக்கிறது.