ஆறு அங்குலத் திரையில் ஜப்பான் படக்கதை



எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நினைத்த பொருளை நினைத்தபடி வாங்கிவிட எங்களால் ஆகாது. பழைய இ-ரீடர் ஒன்று விலைக்கு வந்தபோது, அதில் காமிக்ஸ் படிக்கத் தோதுப்படுமா என்று ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட்ட பிறகே வாங்கினேன். அந்தக் கணக்கு இதுதான்.

இந்தத் திரை டி.வி. மாதிரி தானாக ஒளிர்வதில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள், திரவத்தில், வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்ததே நாம் காணும் படம். கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் எல்லாம் சேர்த்து 16 சாயல்கள்.

ஜப்பானிய மாங்கா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதான். ஆகவே வண்ணம் போய்விட்டதே என்ற குறை இல்லை. அளவு எப்படி? 6 அங்குலத் திரை சுமார் 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். மாங்கா புத்தகம் ஏறக்குறைய 11க்கு 17 செ.மீ. முழுப் பக்கமும் 70 சதவீத அளவில் அடங்கிவிடும். அமெரிக்க காமிக்ஸோ 17க்கு 26 செ.மீ.; வண்ணம் வேறு. அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். பலூனுக்குள் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது.

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, படத்தை வைத்தே கதையைப் பிடித்துக்கொள்வார். "மூஞ்சியே தெரியலடா, பெரிசு பண்ணு" என்பார். உடனே கருவியைப் படுக்க வைப்பேன். அகலம் 12 செ.மீ. ஆகிவிடும், அரைப் பக்கம்தான் தெரியும், ஆனால் அச்சுப் புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும்.

இன்னும் மூன்று குறிப்புகள்:

1. ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டிவிட்டால் படம் பெரிதாகும்.

2. மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பக்கம் புரளும் திசையை செட்டிங்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

3. முந்தைய பக்கத்தின் நிழல் தங்கினால், திரையை முழுதாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள். ஒரு கணம் கறுப்பாக மின்னிவிட்டுத் தெளிந்துவிடும்.

நம் பாடக்குறிப்புக்கும் இதே கணக்குதான். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. கருவியைப் படுக்க வைத்தாலும் சர்க்யூட் படம் 58 சதவீதம்தான் தெரியும். திரை சிறிதா பெரிதா என்று மட்டும் பார்த்தால் போதாது. படம் எந்தத் தாளுக்காக வரையப்பட்டது என்றும் பாருங்கள். காசைக் கொடுக்கும் முன் ஸ்கேலைக் கையில் எடுங்கள்!