கண்ணீருக்குள் வெடித்தவள்!

"டயர் பர்ஸ்ட் ஆயிடுச்சு", "தண்ணிக் குழாய் பர்ஸ்ட்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அதனால் 'பர்ஸ்ட்' என்றால் வெடிப்பது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தானே!

போன மாதம் ஒரு நாள் எங்கள் வயலில் நடவு. ஆட்களுக்குச் சமைத்துப் போட்டு, சாயங்காலம் எனக்கு மண்டையிடி. அந்த நேரம் பார்த்து ஏழாவது படிக்கும் என் பெண் நோட்டோடு வந்தாள். 'ஷி பர்ஸ்ட் இன்ட்டு டியர்ஸ்' என்பதற்கு "அவள் கண்ணீருக்குள் வெடித்தாள்" என்று எழுதியிருந்தாள்.

"அவ என்ன சிவகாசிப் பட்டாசா?" என்று சிரித்தார் என் மாமியார்.

"அப்ப எப்படிம்மா எழுதறது? சொல்லும்மா..." என்று பெண் விடாமல் நச்சரிக்க, "உசிரை வாங்காதே, போ!" என்று வள்ளென்று விழுந்தேன். குழந்தையின் உதடு துடித்தது; ஓவென்று அழுதுவிட்டாள்.

மாமியார் அவளை அணைத்துக்கொண்டு, "அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு எழுதுடி கண்ணு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அவள் டீச்சரிடம் கேட்டு வந்ததை நானும் உட்கார்ந்து படித்தேன். 'பர்ஸ்ட் இன்ட்டு' என்றால் பின்னால் பெயர்ச்சொல் வரும்: டியர்ஸ், லாஃப்டர். 'பர்ஸ்ட் அவுட்' என்றால் 'இங்' வரும்: கிரையிங், லாஃபிங். நேற்று நடந்ததற்கும் 'பர்ஸ்ட்' தான். 'பர்ஸ்டட்' என்று எழுதினால் தப்பு.

நம் தமிழிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். அழுகை பொத்துக்கொண்டு வரும். சிரிப்பு குபீரென்று கிளம்பும். தீ குப்பென்று பற்றும். கோபம் பொங்கும், வெடிக்கும். ஆறு கரையைத் தாண்டி வழிந்தாலே இங்கிலீஷில் 'பர்ஸ்ட் இட்ஸ் பேங்க்ஸ்' என்று சொல்லிவிடலாமாம். நம் காவிரிக்கரையில் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்! கரை புரண்டது வேறு, உடைப்பெடுத்தது வேறு. முன்னதில் தண்ணீர் வடிந்தால் பயிர் பிழைக்கலாம். பின்னதில் வயலையே மணல் மூடிவிடும்.

அந்த உடைப்பும் திடீரென்று வருவதில்லை, சகோதரிகளே. நண்டு வளையிலும் எலி வளையிலும் முதலில் கசியும். அப்போதே மண் வெட்டிப் போட்டால் கரை நிற்கும். கார்த்திகைக்கு நெல் பொரிக்கிறோமே, உமிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, இடம் போதாமல்தானே படபடவென்று வெடிக்கிறது? பாலும் ஏடு கட்டி, ஆவியை அடக்கி வைத்துத்தானே பொங்குகிறது?

அன்று என் தலைவலி மத்தியானமே ஆரம்பித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பாவம், குழந்தை மாட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் மண்டை இடித்தால், "அம்மாவுக்கு முடியலைடா, அரை மணி கழிச்சு வா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவளும் புரிந்துகொண்டு, சமர்த்தாகத் தைல டப்பாவோடு வருகிறாள்.