கடலுக்குச் செல்லும் கமக்காரர் கவனத்திற்கு

மட்டக்களப்புக் கரையோரக் கிராமங்களிலே வயல் வேலை குறைந்த நாட்களிற் சிறு வள்ளங்களில் மீன்பிடிக்கச் செல்லும் கமக்காரரும் உளர். வயலில் ஏற்படும் நட்டத்தை அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். கடலில் இழந்த உயிருக்கு ஈடில்லை.

கீழ்க்கரையில் மே முதல் ஆகஸ்டு வரை கடல் பெரும்பாலும் அமைதியாகக் காணப்படும். எனினும், அக்காலத்துக் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதாகும். இயந்திரம் நின்றுவிட்டால் வள்ளம் கரைசேராது. மேலும் மேலும் வெளியே தள்ளப்படும்.

எமது பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவருக்கு ஒரு சிறுபோகத்தில் இதுவே நேர்ந்தது. கத்தரி நாற்றுமேடைக்கு நீர் ஊற்றவேண்டிய நேரத்தை மனைவியிடம் கூறிச் சென்ற அவர், தாம் திரும்பும் நேரத்தைக் கூறவில்லை. பிற்பகல் நான்கு மணிக்கே தேடத் தொடங்கினர். மறுநாட் காலையிலேயே வேறொரு வள்ளத்தார் அவரை மீட்டனர்.

காலம் தாழ்த்துவதால் விளையும் கேடு யாது? வயலொன்றின் நீளத்தையும் அகலத்தையும் இருமடங்காக்கினால் விதைநெல் நான்கு மடங்கு வேண்டும். அவ்வாறே, வள்ளம் இருமடங்கு தூரம் அள்ளுண்டு சென்றிருக்கக் கூடுமாயின், தேடவேண்டிய கடற்பரப்பும் நான்கு மடங்காகும். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுக:

1. செல்லுமிடம், உடன் செல்வோர் தொகை, திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டாரிடமும் கரையிலுள்ள ஒருவரிடமும் கூறிச் செல்க. குறித்த நேரம் கடந்து ஒரு மணித்தியாலமாகியும் வராவிடின், அவர்கள் உடனே கடற்படையினருக்கோ, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்திற்கோ அறிவித்தல் வேண்டும்.

2. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் கேட்ட பின்னரே புறப்படுக. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வீசிய கடுங்காற்றினால் தென்மேற்குக் கரையில் மீனவர் பலர் உயிரிழந்தனர்.

3. கைத்தொலைபேசியை நீர்புகாப் பையில் வைத்திருக்க. கரையை விட்டு அகன்றால் அதன் தொடர்பு அற்றுவிடும். எனவே இயன்றவர்கள் வீ.எச்.எவ். றேடியோ ஒன்றையும் கொண்டு செல்லல் நன்று. ஆபத்து நேரின் 16ஆம் அலைவரிசையில் "மேடே" என மும்முறை கூறி, வள்ளத்தின் பெயர், இருக்குமிடம், நேர்ந்த ஆபத்து, ஆட்களின் தொகை என்பவற்றைச் சொல்லுக. பின்னர் பேசும் பொத்தானை விட்டு, மறுமொழிக்குச் செவிகொடுக்க.

4. உயிர்காப்பு அங்கியை அணிந்தே செல்க. வள்ளத்தில் மடித்து வைத்திருப்பதாற் பயனில்லை. ஊதுகுழல், முகம் பார்க்கும் கண்ணாடி, கைவிளக்கு, செம்மஞ்சள் நிறத் துணி, துடுப்பு, குடிநீர் ஆகியனவும் வேண்டும்.

5. இயந்திரம் நின்றால் உடனே நங்கூரமிடுக. ஆழம் மிகுதியாயின், வாளியொன்றைக் கயிற்றிற் கட்டி முன்புறத்தால் நீரில் இறக்குக. வள்ளம் அள்ளுண்டு செல்வது தாமதப்படும். வள்ளத்தை விட்டு நீந்திக் கரைசேர முயலவேண்டாம்.

இவற்றுட் சிலவற்றிற்குப் பணம் வேண்டும். திரும்பும் நேரத்தைச் சொல்லிச் செல்வதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. நாளைக் காலையே அதனைத் தொடங்குக.